ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும், தொழில்முனைவரும், தொழிற்கல்வியாளரும் ஆவார். பள்ளிக் கல்வியைக்கூட நிறைவு செய்யாத இவர், மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அதனை முழுவதுமாகப் பிரித்து மீண்டும் பூட்டியதன் வழியாக இயந்திரவியலைத் தாமே கற்றுக்கொண்டார். பின்னாளில் பேருந்துப் போக்குவரத்து, மின்னோடி, வானொலி, கடிகாரம் எனப் பல துறைகளில் தொழில் நடத்தினார். இந்தியாவின் எடிசன் என்றும் இவர் அழைக்கப்படுகிறார். கோயம்புத்தூர் ஒரு தொழில் நகரமாக வளர்ந்ததில் இவருக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு.

இளமைக்காலம்

நாயுடு, கோயம்புத்தூர் மாவட்டம் சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு வேளாண் குடும்பத்தவர். தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்த நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இருக்கவில்லை. தொடக்கக் கல்வியுடனேயே பள்ளியை விட்டு விலகிய இவர், குடும்பத்தின் நிலங்களில் வேலை செய்து வந்தார். எனினும் புத்தகங்களை விட்டு இவர் விலகிவிடவில்லை. கிடைத்தவற்றை எல்லாம் தாமாகவே படிக்கும் பழக்கம் இவருக்கு இருந்தது. வாழ்நாள் முழுதும் இப்பழக்கம் தொடர்ந்தது.

மோட்டார் சைக்கிள்

ஏறத்தாழ இருபது வயதில், ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளை நாயுடு கண்டார். அது 1912 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் வகை வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டி அன்றைய கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அரிய காட்சியாகும். அதனைப் பார்த்து வியந்ததோடு நின்றுவிடாமல், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்று நாயுடு விரும்பினார்.

வண்டியை வாங்குவதற்குப் பணம் தேவைப்பட்டது. எனவே ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து, உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். வேறு சில சிறு வேலைகளையும் செய்தார். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 400 ரூபாய் சேர்ந்தது. பின்னர் அந்த அதிகாரியை அணுகி, அவரிடமிருந்தே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதைவிட, அதனைப் பிரித்துப் பார்ப்பதிலேயே நாயுடு ஆர்வம் காட்டினார். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, அதன் வேலை என்ன என்பதை ஆராய்ந்து, மீண்டும் உரிய இடத்தில் பூட்டினார். இப்பயிற்சியே இவரை ஒரு மெக்கானிக் ஆக்கியது. இவருக்குக் கற்றுக்கொடுக்க ஆசிரியரோ, பயிலகமோ இருக்கவில்லை.

ரட்ஜ் வண்டியின் அமைப்பு

நாயுடு எதனைப் பிரித்துப் படித்தார் என்பதை அறிய, அக்கால ரட்ஜ் வண்டிகளின் அமைப்பைத் தெரிந்துகொள்வது உதவும். ரட்ஜ், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த மிதிவண்டி நிறுவனம். 1911 ஆம் ஆண்டளவில் மோட்டார் சைக்கிள் விற்பனையில் இறங்கியது. அதன் தொடக்கக்கால வண்டிகளில் 499 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றை உருளை எஞ்சின் இருந்தது. எஞ்சினின் விசை சங்கிலி வழியாக அல்லாமல், ஒரு பெல்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சென்றது.

இந்நிறுவனத்தின் மல்ட்டி என்னும் வகையில், எஞ்சின் பக்கக் கப்பியின் அகலத்தையும் சக்கரப் பக்கக் கப்பியின் அகலத்தையும் ஒரே நெம்புகோலால் எதிரெதிராக மாற்றலாம். ஒன்று விரியும்போது மற்றொன்று குறுகுவதால், பெல்ட் தளராமலேயே வண்டியின் வேக விகிதம் மாறும். இன்றைய கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் தானாக நடைபெறும் வேலையின் முன்னோடி வடிவம் இது எனலாம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் சுருள்வில் இருந்தது. ஆனால் பின்சக்கரம், மிதிவண்டியில் உள்ளதைப் போலச் சட்டத்துடன் நேரடியாகப் பூட்டப்பட்டிருந்தது. பின்புற ஷாக் அப்சார்பர் என்னும் அதிர்வு தாங்கி அதில் இல்லை. சாலையின் மேடு பள்ளங்களைத் தணிக்க, காற்றடைத்த டயரும் இருக்கையின் அடியிலிருந்த சுருள்வில்களும் மட்டுமே இருந்தன. கப்பி பரப்பிய அன்றைய சாலைகளில், எஞ்சியிருந்த அதிர்ச்சி முழுவதையும் சட்டமும் ஓட்டுநரின் முதுகுமே தாங்கின. இவ்வாறு ஓடும் வண்டியில் மரைகள் தளர்வதும், தகடுகள் விரிசல் விடுவதும் வழக்கமானவை. பின்னாளில் போக்குவரத்துத் தொழிலிலும் நாயுடு எதிர்கொள்ள நேர்ந்த இடர் இதுவே ஆகும்.

பருத்தி வணிகம்

முதல் உலகப் போரின் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டார். போர்க்காலத்தில் பருத்திக்கு இருந்த தேவையால் நல்ல வருவாய் கிட்டியது. ஆனால் பின்னர் பம்பாயில் பருத்தி வணிகத்தில் முதலீடு செய்து, ஈட்டிய பொருளில் பெரும்பகுதியை இழந்தார். அங்கிருந்து கோயம்புத்தூருக்குத் திரும்பிய அவரிடம் முதலாக எஞ்சியிருந்தது உந்துகளைப் பற்றிய அறிவே ஆகும்.

போக்குவரத்துத் தொழில்

1920 ஆம் ஆண்டு நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். பழனி முருகன் கோயிலுக்குச் செல்லும் பயணிகள் மிகுந்த வழித்தடம் அது. ஒற்றைப் பேருந்துடன் தொடங்கிய இத்தொழில், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. யு. எம். எஸ். என்ற சுருக்கப் பெயராலேயே மக்கள் இதனை அறிந்திருந்தனர். நாட்டில் சிறப்பாக நடத்தப்பட்ட தனியார் போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக இது கருதப்பட்டது.

அக்காலத்தில் உந்துகளும் அவற்றின் உதிரிப் பாகங்களும் வெளிநாடுகளிலிருந்து கப்பல் வழியாகவே வந்தன. ஒரு பாகம் உடைந்தால், மாற்றுப் பாகம் வந்து சேரும்வரை பேருந்து ஓடாது. ஓடாத பேருந்தால் வருவாயும் இல்லை. ஆகவே உடையும் முன்பே பழுதை அறிவதும், இயன்றதை உள்ளூரிலேயே செய்துகொள்வதும் தொழிலின் உயிர்நாடியாக இருந்தன. நாயுடுவின் பணிமனை இந்தத் தேவையிலிருந்தே வளர்ந்தது.

எஞ்சினின் அதிர்வைக் கொண்டு பழுதைக் கண்டறியும் கருவி ஒன்றை நாயுடு உருவாக்கினார். இதன் அடிப்படை எளியது. நல்ல மண்பானையும் கீறல் விழுந்த பானையும் தட்டும்போது வெவ்வேறு ஒலி எழுப்புவதை அனைவரும் அறிவர். அதுபோல, விரிசலோ தேய்மானமோ உள்ள பாகம், நல்ல பாகத்திலிருந்து வேறுபட்ட முறையில் அதிரும். அந்த வேறுபாட்டை அறிந்தால், கண்ணுக்குத் தெரியாத குறையையும் முன்கூட்டியே கண்டுகொள்ளலாம்.

பயணிகளுக்குச் சீட்டு வழங்கும் இயந்திரத்தையும் நாயுடு வடிவமைத்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்களைச் செய்வதற்கு யுனிவர்சல் ரேடியேட்டர் தொழிற்சாலையையும் நிறுவினார்.

மின்னோடியும் பிற தொழில்களும்

நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் செயல்படத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பகுதிக்கு மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது. நூற்பாலைகளும், கிணற்று நீரை நம்பிய வேளாண்மையும் மின்னோடிகளை நாடின. ஆனால் மோட்டார் என்றால் அது இறக்குமதிப் பொருளாகவே இருந்தது.

இந்நிலையில், பீளமேட்டில் நாயுடு நிறுவிய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில் 1937 ஆம் ஆண்டு மின்னோடி ஒன்று தயாரிக்கப்பட்டது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்னோடியாக இது குறிப்பிடப்படுகிறது. இம்முயற்சியில் இவருடன் இணைந்து உழைத்த தா. பாலசுந்தரம் நாயுடு, பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவினார். மோட்டார், பம்பு ஆகியவற்றின் உற்பத்திக்குக் கோயம்புத்தூர் இன்று பெற்றுள்ள பெயரின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

நாயுடு தொடங்கிய பிற நிறுவனங்களுள் சில பின்வருமாறு:

- யு. எம். எஸ். ரேடியோ தொழிலகம்
- கோபால் கடிகாரத் தொழிலகம்
- கோயம்புத்தூர் டீசல் புராடக்ட்ஸ்
- கோயம்புத்தூர் இன்ஜினியரிங் நிறுவனம்
- கோயம்புத்தூர் ஆர்மச்சூர் வைண்டிங் ஒர்க்ஸ்

இப்பட்டியலில் பல, பழுது நீக்கும் பணிமனைகளின் இயல்பான நீட்சி என்பது நோக்கத்தக்கது. எரிந்துபோன மின்னோடிக்குக் கம்பி சுற்றத் தெரிந்தவர், புதிய மின்னோடிக்கும் சுற்றலாம். பழைய ரேடியேட்டரைப் பற்றவைக்கத் தெரிந்தவர், புதிய ஒன்றையும் செய்யலாம்.

கண்டுபிடிப்புகள்

நாயுடு வடிவமைத்த கருவிகள் பல துறைகளைச் சேர்ந்தவை.

- மின் சவரக் கருவி: ரேசன்ட் என்னும் பெயர் கொண்டது. உலர் மின்கலங்களால் ஓடும் சிறு மோட்டாருடன் அமைந்தது. இதற்கான மோட்டார் செருமனியிலிருந்தும், எஃகு சுவீடனிலிருந்தும் பெறப்பட்டன. இலண்டனில் இது நன்கு விற்பனையானது.
- மிக மெல்லிய சவர அலகு.
- வாக்குப்பதிவு இயந்திரம்: முறைகேடு செய்ய இயலாதவாறு வாக்குகளைப் பதிவு செய்யும் நோக்கில் உருவாக்கப்பட்டது. இந்தியத் தேர்தல் ஒன்றில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது 1982 ஆம் ஆண்டில், கேரளத்தின் பரவூர் தொகுதியில் ஆகும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நாயுடு இத்தேவையை உணர்ந்திருந்தார்.
- மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி: மின்சாரம் எட்டாத வீடுகளுக்கு ஏற்றது.
- பழச்சாறு பிழியும் கருவி.
- திரைப்பட ஒளிப்படக் கருவிகளில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு.
- ஐந்து வால்வு வானொலிப் பெட்டி: இதனை 70 ரூபாய்க்குத் தயாரித்துத் தர இயலும் என்று 1941 ஆம் ஆண்டு அறிவித்தார்.

இவற்றுள் பல, பெருமளவு உற்பத்தி என்னும் நிலையை எட்டவில்லை. ஒரு கருவியைச் செய்து காட்டுவது வேறு, அதனை ஆயிரக்கணக்கில் செய்து விற்பது வேறு. பின்னதற்கு மூலப்பொருள், முதலீடு, அரசின் இசைவு ஆகிய மூன்றும் ஒருங்கே தேவைப்பட்டன.

வெளிநாட்டுப் பயணங்களும் ஒளிப்படக் கலையும்

நாயுடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பலமுறை பயணம் செய்து, அங்குள்ள தொழிற்சாலைகளை நேரில் கண்டார். புதிய இயந்திரங்களை வாங்கி வருவதும் இப்பயணங்களின் நோக்கமாக இருந்தது. சிறந்த ஒளிப்படக் கலைஞராகவும் விளங்கிய இவர், 1936 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படமெடுத்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகிய தலைவர்களையும் இவர் படம் பிடித்துள்ளார்.

சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் ஒருமுறை போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

கல்விப் பணி

1945 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமைவதற்கு நாயுடு காரணமாக இருந்தார். அன்றைய சென்னை மாகாண ஆளுநரான ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. நாயுடுவே கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். தொடக்கக் கல்வியைத் தாண்டாத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது அன்றும் இன்றும் அரிய நிகழ்வாகும்.

பாடத்திட்டம் குறித்து நாயுடுவுக்கு உறுதியான கருத்து இருந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது என்றும், அதே பயிற்சியை இரண்டு ஆண்டுகளில் அளித்துவிடலாம் என்றும் அவர் கருதினார். செய்முறையை முதன்மையாகக் கொண்ட குறுகிய காலப் படிப்புகளை முன்மொழிந்தார். ஆங்கிலேய அரசு இதனை ஏற்கவில்லை. எனவே அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

நாயுடுவின் கருத்தில் ஒரு பகுதி அவருடைய சொந்த வாழ்விலிருந்து வந்தது. பிரித்துப் பார்த்துக் கற்பது விரைவானது, மறக்காதது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பாகம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பிரித்துப் பார்த்து அறியலாம். அது ஏன் அந்தப் பருமனில், அந்த உலோகத்தில் செய்யப்பட்டது என்பதற்குக் கணக்கும் பொருளறிவியலும் தேவை. நான்கு ஆண்டுப் படிப்பை ஆதரிப்போர் இதனையே சுட்டிக்காட்டுவர். இன்றைய தொழிற்பயிற்சி நிலையங்கள், பாலிடெக்னிக்குகள், பொறியியல் கல்லூரிகள் ஆகியவற்றின் வேறுபட்ட பாட முறைகளுக்குள் இவ்விவாதம் இன்னும் தொடர்கிறது.

அக்கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறியது. இன்று அது கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று அறியப்படுகிறது. எனினும் அவினாசி சாலையில் கல்லூரி முன்பு இருந்த பகுதி இன்றும் ஹோப்ஸ் காலேஜ் என்றே வழங்குகிறது.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

1952 ஆம் ஆண்டு, இருவர் அமர்ந்து செல்லக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே என்று திட்டமிடப்பட்டது. ஆனால் உற்பத்திக்குத் தேவையான உரிமத்தை அரசு வழங்க மறுத்ததால் அம்முயற்சி நின்றுபோனது. 1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1952 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பட்டியலிடப்பட்ட தொழில்களில் புதிய உற்பத்தியைத் தொடங்க மைய அரசின் உரிமம் கட்டாயம் என்னும் முறை இதன்பின் நிலைபெற்றது. பற்றாக்குறையாக இருந்த எஃகையும் அயல்நாட்டுச் செலாவணியையும் பங்கிட்டுக் கொடுப்பதே அம்முறையின் நோக்கம். தனி ஒருவரின் புதிய முயற்சிக்கு அதில் இடம் குறைவாகவே இருந்தது.

அரசின் வரிக் கொள்கையிலும் நாயுடுவுக்கு மனக்குறை இருந்தது. எதிர்ப்பைத் தெரிவிக்கும் வகையில், தாம் உருவாக்கிய பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். இவருடைய நெருங்கிய நண்பரான பெரியார் ஈ. வெ. இராமசாமி இச்செயலைக் கண்டித்தார்.

அதே காலத்தில் சென்னை மாநிலத்தில் மற்றொரு உந்துத் தொழில் வேரூன்றியது. இந்திய இராணுவத்தின் தேவைக்காக இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் 350 கன சென்டிமீட்டர் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் வாங்கப்பட்டன. 1955 ஆம் ஆண்டு அந்நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில், முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் பூட்டப்பட்டன. 1962 ஆம் ஆண்டளவில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. பிறர் செய்த வண்டியைப் பூட்டிப் பழகி, பின்னர் அதனை முழுவதும் தாமே செய்யும் இவ்வழி, நாயுடு தம் பணிமனையில் கடைப்பிடித்த வழியே ஆகும். அவருடைய காருக்கு அதற்கான வாய்ப்பு கிடைக்கவில்லை.

பழைய வண்டிகளும் பழுதுநீக்கமும்

நாயுடுவின் ரட்ஜுக்கும் திருவொற்றியூர் புல்லட்டுக்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளில் ஏற்பட்ட பெரிய மாற்றங்களுள் ஒன்று, பின்சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கி வந்தது ஆகும். புல்லட்டில் பின்சக்கரம், மேலும் கீழும் அசையும் கவை ஒன்றில் பொருத்தப்பட்டுள்ளது. ஸ்விங் ஆர்ம் எனப்படும் அக்கவையின் இரு பக்கமும் சட்டத்துடன் ஒவ்வொரு ஷாக் அப்சார்பரால் இணைக்கப்பட்டுள்ளது. இன்று பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் முதலில் கைவைக்கும் பாகங்களுள் இதுவும் ஒன்று. ஒரு பாகத்தை அறிந்து மாற்றும் நாயுடுவின் முறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஷாக் அப்சார்பரில் இரு பகுதிகள் உள்ளன. வெளியே உள்ள சுருள்வில் வண்டியின் எடையைத் தாங்கி, குழியில் சக்கரம் இறங்கும்போது அமுங்கி விரிகிறது. வில் மட்டும் இருந்தால் வண்டி வெகுநேரம் குதித்துக்கொண்டே இருக்கும். உள்ளே உள்ள எண்ணெய் உருளை இதனைத் தடுக்கிறது. உருளையினுள் அசையும் பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிச் செல்வதால், குதிக்கும் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகிறது.

காலப்போக்கில் எண்ணெயைத் தடுக்கும் சீல் தேய்ந்து, எண்ணெய் வெளியே கசிகிறது. இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்களும் இறுகி வெடிக்கின்றன. தேய்மானத்தின் அறிகுறிகள் பின்வருமாறு:

- உருளையின் மேற்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் காணப்படுதல்.
- இருக்கையை அழுத்தி விட்டதும் வண்டி ஒருமுறை எழுந்து நிற்காமல் பலமுறை ஆடுதல்.
- வளைவுகளில் வண்டியின் பின்பகுதி அலைதல்.
- பின் டயர் ஆங்காங்கே குழிவாகத் தேய்தல்.

இதனைச் சொகுசுக் குறைவு என்று மட்டும் கருதுதல் கூடாது. குதிக்கும் சக்கரம் அவ்வப்போது சாலையை விட்டு எழும்புகிறது. எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்காது.

மாற்றும்போது இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதாகவும் மற்றொன்று பழையதாகவும் இருந்தால், ஸ்விங் ஆர்ம் முறுக்குக்கு உள்ளாகும். வண்டியை நடு ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஒரு பக்கத்தைக் கழற்றி, புதியதைப் பூட்டிய பின்னரே மறுபக்கத்தைக் கழற்றுவது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சக்கரம் கீழிறங்கி, துளைகளை மீண்டும் நேர்செய்வது கடினமாகும். புதிய ஷாக் அப்சார்பரின் இரு முனைத் துளைகளுக்கு இடையிலான நீளம், அந்த வண்டிக்கு உரிய மூல அளவோடு ஒத்திருக்க வேண்டும். நீளம் மாறினால் சங்கிலியின் தொய்வும், வண்டியைத் திருப்பும் தன்மையும் மாறிவிடும். வில்லின் இறுக்கத்தை இரு பக்கமும் ஒரே படியில் வைத்தல் வேண்டும். ஸ்விங் ஆர்மின் புஷ்களையும் அப்போதே சோதிப்பது வழக்கம். பழையதைப் பிரித்து ஆராய விரும்புவோர், வில்லை அமுக்கிப் பிடிக்கும் உரிய கருவி இன்றி அதனைச் செய்தல் கூடாது. அமுங்கியுள்ள வில் திடீரென விடுபட்டால் பெருங்காயம் ஏற்படும்.

வேளாண்மையும் பிற பணிகளும்

நாயுடு பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகிய பயிர்களில் ஆய்வுகள் செய்தார். இவருடைய பண்ணையை அறிவியலாளர் ச. வெ. இராமனும், பொறியாளர் விசுவேசுவரய்யாவும் பார்வையிட்டனர். நாயுடுவின் பல்துறைத் திறனை இராமன் பெரிதும் மதித்தார். காலையில் அடித்தளம் இட்டு மாலைக்குள் குடியேறத்தக்க வீடு ஒன்றை, ஏறத்தாழ 11 மணி நேரத்தில் கட்டி முடித்ததும் இவருடைய முயற்சிகளுள் ஒன்று. தொழிலாளர் நலனுக்கும் தொழிற்பயிற்சிக்கும் அறக்கட்டளை வழியாகப் பொருளுதவி செய்தார்.

1967 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நாயுடு நிலையான தொழிற்காட்சியகம் ஒன்றை நிறுவினார். மாணவர்கள் இயந்திரங்களை அருகில் நின்று பார்த்து, அவற்றின் இயக்கத்தை அறிய வேண்டும் என்பது இதன் நோக்கம்.

மறைவும் நினைவும்

ஜி. டி. நாயுடு 1974 ஆம் ஆண்டு சனவரி 4 ஆம் நாள் தமது எண்பதாம் வயதில் காலமானார். எழுத்தாளர் சிவசங்கரி, அப்பா என்னும் தலைப்பில் இவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியுள்ளார். இவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று, 2018 ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படமாகத் தேர்வு பெற்றது. பழைய கார்களுக்கான ஜீடி கார் அருங்காட்சியகம், 2015 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. அவினாசி சாலையில் கட்டப்பட்டு, 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நாயுடு வடிவமைத்த கருவிகளுள் பெரும்பாலானவை இன்று காட்சிப் பொருள்களாகவே உள்ளன. ஆனால், இறக்குமதி செய்த இயந்திரத்தைப் பிரித்து, அறிந்து, உள்ளூரிலேயே செய்துகொள்ளும் வழக்கம் கோயம்புத்தூரின் ஃபவுண்டரிகளிலும் லேத் பட்டறைகளிலும் வேரூன்றியது. ஏறத்தாழ 400 ரூபாய் சேமிப்பைக் கொண்டு வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்கிய அவருடைய பணிகளுள், நிலைத்த பயன் தந்தது இதுவே எனலாம்.